ஆசிரியர் மாகாண சபைக்குப் போனால்

கேள்வி இதுதான்: “அப்பா கொழும்பில் ஒரு தமிழ்ப் பாடசாலையில் கணித ஆசிரியர். ஓய்வுக்கு இன்னும் மூன்று வருடம் இருக்கிறது. மாகாண சபைத் தேர்தல் வந்தால் வேட்பாளராக நிற்கும்படி ஒரு கட்சிக்காரர் வீட்டுக்கு வந்து கேட்டுவிட்டுப் போனார். ஆசிரியராக இருந்து மாகாண அரசியலுக்குப் போனவர்களின் அனுபவம் என்ன? இதற்காக முன்கூட்டியே ஓய்வு பெறலாமா?”

மாகாணக் கல்வி நிருவாகத்தில் நெடுங்காலம் கோப்புப் பார்த்தவன், சபை அமர்வுகளில் அதிகாரிகளுக்கான பின்வரிசையில் உட்கார்ந்து பழகியவன் என்ற முறையில் எழுதுகிறேன். கடைசிக் கேள்விக்கே முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: வேண்டாம். தேர்தல் திகதி வர்த்தமானியில் அச்சாகி வரும் வரை ஓய்வுக் கடிதத்தில் உங்கள் அப்பா கையெழுத்து வைக்கவே கூடாது.

காரணம் எளிமையானது. அவர் போட்டியிடப் போகும் சபையில் இப்போது உறுப்பினர் என்று ஒருவர்கூட இல்லை. மேல் மாகாண சபைக்குக் கடைசியாகத் தேர்தல் நடந்தது 2014 மார்ச் 29 ஆம் திகதி. நாட்டிலேயே கடைசி மாகாண சபைத் தேர்தல் அதே வருடம் செப்டெம்பர் 20 இல் ஊவாவில் நடந்தது. மேல் மாகாண சபையின் ஐந்து வருடம் 2019 ஏப்ரலில் முடிந்தது. அன்றிலிருந்து ஆளுநரும் பிரதான செயலாளரும் அதிகாரிகளும்தான் மாகாணத்தை நடத்துகிறார்கள். 2017 இல் நாடாளுமன்றம் தேர்தல் முறையை மாற்றி ஒரு சட்டம் கொண்டுவந்தது: பாதி உறுப்பினர் தொகுதி வாரியாக, பாதி விகிதாசாரப்படி. அதற்கான எல்லை நிர்ணய அறிக்கை 2018 ஓகஸ்டில் வாக்கெடுப்புக்கு வந்தபோது ஆதரவாக ஒரு வாக்கும் விழவில்லை. அறிக்கையைக் கொண்டுவந்த அமைச்சரே எதிர்த்து வாக்களித்தார். பழைய முறை சட்டத்தில் இல்லாமற் போனது, புதிய முறைக்கு எல்லைகள் இல்லை. அதற்குப் பிறகு வந்த ஒவ்வோர் அரசாங்கமும் தேர்தலைப் பற்றிப் பேசியது. உள்ளூராட்சி சபைகளுக்கு 2025 மே 6 இல் தேர்தல் நடந்தும் விட்டது. மாகாண சபைகள், இதை எழுதும்போது, இன்னும் காத்திருக்கின்றன.

ஆகவே அந்தக் கட்சிக்காரர் கேட்டது நாள் குறிக்காத கலியாணத்துக்கு மாப்பிள்ளை. கேட்டதில் பிழையில்லை. அதை நம்பி சம்பளத்தை விட்டுவிடுவதுதான் பிழை.

அவர்கள் ஏன் ஓர் ஆசிரியரைத் தேடி வருகிறார்கள் என்பதை அப்பா புரிந்துகொண்டால் பாதித் தெளிவு வந்துவிடும். இதுவரை நடந்த மாகாண சபைத் தேர்தல்களில் ஒரு மாவட்டத்துக்கு ஒரு பட்டியல். வாக்காளர் கட்சிக்கு ஒரு வாக்குப் போட்டுவிட்டு அதே பட்டியலில் மூன்று பேருக்கு விருப்பு வாக்குப் போடலாம். கொழும்பு மாவட்டப் பட்டியலில் நாற்பதுக்கு மேற்பட்ட பெயர்களை நிரப்ப வேண்டும். கட்சிக்கு வெல்லக்கூடியவர் சிலர் இருப்பார்கள், பணம் போடக்கூடியவர் சிலர் இருப்பார்கள். மிச்சமுள்ள இடங்களுக்கு, பெயரில் கறை இல்லாதவர், ஆளுக்கு ஆயிரம் இரண்டாயிரம் வாக்காவது கட்சிக்குக் கொண்டுவரக்கூடியவர் தேவை. ஆசிரியர் அதற்கு அச்சொட்டாகப் பொருந்துகிறார். கட்சியின் கணக்குக்கு அவர் வெல்லத் தேவையில்லை. அவரை நம்பி வருகிறவர்கள் கட்சிச் சின்னத்துக்குப் புள்ளடி போட்டால் போதும். இதை நான் குற்றமாகச் சொல்லவில்லை, பட்டியல் முறையின் இயல்பு அது. ஆனால் அழைப்பு வந்தவுடன் “நம்மை வெல்ல வைக்கப் போகிறார்கள்” என்று நினைக்கிற ஆசிரியர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

இங்கே ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள். அப்பாவும் போடுவார், அவருக்குப் பிடித்த வேலைதானே. வருடத்துக்கு நூறு புதிய மாணவர் என்று வைத்தாலும் முப்பது வருடத்தில் மூவாயிரம் பேர். கொழும்புத் தமிழ்ப் பாடசாலையில் படித்த மூவாயிரத்தில் எத்தனை பேர் இன்று கொழும்பு மாவட்ட வாக்காளர் இடாப்பில் இருப்பார்கள்? ஒரு பகுதி ஸ்காபரோவிலும் ஹரோவிலும் சிட்னியிலும் இருந்துகொண்டு முகநூலில் “எங்கள் சேர் வெல்ல வாழ்த்துகள்” என்று எழுதும். இன்னொரு பகுதிக்கு வாக்கு யாழ்ப்பாணத்திலோ ஹற்றனிலோ பதிவாகி இருக்கும். மாவட்டத்தில் இருக்கும் வாக்காளரோ 2024 கணக்கில் பதினேழு இலட்சத்துக்கு மேல். தமிழர் பத்தில் ஒரு பங்கு அளவுதான், அதிலும் வெள்ளவத்தையும் கொட்டாஞ்சேனையும் ஒரே மாதிரி வாக்களிப்பதில்லை. கிளிநொச்சியில் 2013 இல் வட மாகாண சபைக்கு இருந்தவை நான்கே இடங்கள். அங்கே வலயக் கல்விப் பணிப்பாளராகவோ அதிபராகவோ இருந்த ஒருவரை அறியாத வீடு குறைவு. கிளிநொச்சியில் ஆசிரியர் என்ற பெயர் ஒரு மாவட்டத்துக்குப் போதும். கொழும்பில் அது ஓர் ஒழுங்கையைத் தாண்டாது.

2017 சட்டத்தின்படி தொகுதி முறை வந்தால் இந்தக் கணக்கு மாறும். சிறிய தொகுதியில், ஒரே பாடசாலையைச் சுற்றி முப்பது வருடம் இருந்த ஆசிரியருக்கு உண்மையான வாய்ப்பு உண்டு. ஆக, எந்த முறையில் தேர்தல் நடக்கப் போகிறது என்பது அப்பாவைப் பொறுத்தவரை எந்தக் கட்சி என்பதைவிடப் பெரிய கேள்வி.

ஆசிரியர் அரசியலுக்குப் போவது நமக்குப் புதிதல்ல. தந்தை செல்வா என்று நாம் சொல்லும் சா. ஜே. வே. செல்வநாயகம் சட்டம் படித்த நாட்களில் கொழும்பில் பாடசாலை ஆசிரியராக இருந்தவர். வெஸ்லி கல்லூரியில் விஞ்ஞானம் படிப்பித்தார். இலவசக் கல்வியைக் கொண்டுவந்த கன்னங்கரா சட்டத்தரணியாவதற்கு முன் ஆசிரியர். காலியில் படிப்பித்த தகநாயக்க கல்வி அமைச்சராகி, 1959 இல் பிரதமராகவும் ஆனார். யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸின் ஹன்டி பேரின்பநாயகம் இன்னொரு வகை. ஊரே மதித்த ஆசான், ஆனால் 1947 தேர்தலில் வட்டுக்கோட்டையில் தோற்றார். மதிப்பு வேறு, வாக்கு வேறு என்பதற்கு இதைவிடப் பழைய சாட்சி தேவையில்லை.

இவர்கள் எல்லோரும் தேசிய அரசியல். மாகாண அரசியல் என்ற ஒன்று பிறந்தது 1987 இல், இந்திய இலங்கை உடன்படிக்கைக்குப் பிறகு வந்த 13 ஆவது திருத்தத்தோடும் மாகாண சபைகள் சட்டத்தோடும். ஆசிரியருக்கும் மாகாண சபைக்கும் உள்ள உறவு நெருக்கமாவதும் இங்கேதான். அந்தத் திருத்தம் பாடசாலைக் கல்வியின் பெரும்பகுதியை மாகாணத்துக்குக் கொடுத்தது. நாட்டில் இருக்கும் ஏறத்தாழ பத்தாயிரம் அரச பாடசாலைகளில் மத்திய அமைச்சின் கீழுள்ள தேசிய பாடசாலைகள் சில நூறுதான். மற்றவை எல்லாம் மாகாணப் பாடசாலைகள். மாகாணத்தின் செலவில் பெரும்பங்கு சம்பளம். அந்தச் சம்பளத்தில் பெரும்பங்கு ஆசிரியர்களுடையது. மாகாண சபை என்றால் நடைமுறையில் பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, வீதி. மலையகத்தில் இந்த உறவு இன்னும் இறுக்கம். மத்திய மாகாண சபையில் தமிழ்க் கல்விக்கென்றே ஓர் அமைச்சுப் பொறுப்பு இருந்தது. ஆகவே பள்ளிக்கூடத்தை உள்ளிருந்து அறிந்த ஒருவர் மாகாண சபைக்குப் போவது, சட்டத்தரணி போவதைவிடப் பொருத்தமானது என்பதுதான் என் கருத்து. நாடாளுமன்றத்துக்கு அதே கருத்து எனக்கு இல்லை.

ஆனால் உள்ளே போனதும் என்ன நடக்கிறது?

நான் வேலை பார்த்த காலத்தில் ஆசிரியராக இருந்து உறுப்பினரான ஒருவரைக் கவனித்தேன். பெயர் வேண்டாம், மாகாணமும் வேண்டாம். பேச்சாளர் என்று சொல்ல முடியாது, மெல்லிய குரல். அவருடைய வலயத்தில் தமிழ் மொழிமூல விஞ்ஞான ஆசிரியர் வெற்றிடங்களைப் பற்றிக் கேள்வி கொடுத்திருந்தார். திணைக்களத்திலிருந்து வழக்கமான பதில் போனது: வெற்றிடங்கள் அடையாளம் காணப்பட்டுள்ளன, நிரப்புவதற்கு நடவடிக்கை எடுக்கப்பட்டு வருகிறது. சபையில் மற்றவர்கள் இதைக் கேட்டுவிட்டு உட்கார்ந்துவிடுவார்கள், அல்லது எழுந்து நின்று கால் மணி நேரம் முழங்குவார்கள். இவர் பையிலிருந்து ஒரு கோடு போட்ட அப்பியாசக் கொப்பியை எடுத்தார். பக்கத்தை மூன்று நிரலாகப் பிரித்து வைத்திருந்தார். அங்கீகரிக்கப்பட்ட ஆளணி எத்தனை, சம்பளப் பட்டியலில் எத்தனை, அந்தச் சம்பளப் பட்டியலில் இருந்துகொண்டே இணைப்பு என்ற பெயரில் வேறு பாடசாலையிலோ வலய அலுவலகத்திலோ உட்கார்ந்திருப்பவர் எத்தனை? மூன்றாவது எண்ணை அமைச்சரால் சொல்ல முடியவில்லை. பின்வரிசையில் எங்களில் ஒருவர் துண்டுக் காகிதத்தில் எழுதி முன்னே அனுப்ப வேண்டியதாயிற்று. வெற்றிடம் என்று எழுதப்பட்ட இடங்களில் ஒரு பகுதிக்கு ஆள் இருந்தார்கள், பாடசாலையில்தான் இருக்கவில்லை. அடுத்த தவணைக்கு முன் அந்த இணைப்புகளில் பல ரத்தாகின.

அரசியல்வாதிக்கு அந்தக் கேள்வி தோன்றாது. முதலாம் பாடவேளையில் ஆசிரியர் இல்லாத வகுப்பறைச் சத்தத்தைக் கேட்டவனுக்குத்தான் தோன்றும். சுற்றுநிருபத்தைக் கடைசிப் பக்கம் வரை வாசிக்கிற பொறுமையும் ஆசிரியருக்கு உண்டு. என் அனுபவத்தில் சபையில் உருப்படியாக வேலை செய்தவர்கள் மேடைப் பேச்சில் பெயர் எடுத்தவர்கள் அல்லர். திருத்துவதற்குக் கட்டுக் கட்டாக விடைத்தாள் வந்தால் முகம் சுளிக்காமல் உட்கார்ந்தவர்கள்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. வகுப்பறையில் முப்பது வருடம் குறுக்கே யாரும் பேசாமல் பேசிப் பழகியவர், சபையில் குறுக்கீடு வந்தவுடன் தடுமாறுகிறார் அல்லது கோபப்படுகிறார். சக உறுப்பினரைத் திருத்தப் பார்க்கிறார். “உட்காரும்” என்று ஓர் உறுப்பினர் இன்னோர் உறுப்பினருக்குச் சொன்னதை என் காதால் கேட்டேன். சபை சிரித்தது, சொன்னவர் சிரிக்கவில்லை. பழைய அதிபரோடு இருந்த மனக்கசப்பு, பதவி உயர்வு நேர்முகத்தில் நடந்த அநியாயம் எல்லாம் கூடவே வரும். வலயப் பணிப்பாளர் ஒரு காலத்தில் இவரோடு ஒரே ஆசிரியர் அறையில் தேநீர் குடித்தவராக இருப்பார். அதை வைத்து வேலை எடுக்கலாம், வஞ்சமும் தீர்க்கலாம். இரண்டையும் பார்த்திருக்கிறேன்.

இனி இடமாற்றம். இதைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஆசிரிய உறுப்பினரின் நாளைத் தின்பது இதுதான்.

தெரிவாகி ஒரு வாரத்துக்குள் வீட்டு வாசலில் ஆள் நிற்கும். காலை ஆறரைக்கே. பெரும்பாலும் ஆசிரியைகள், கூடவே கணவரோ தகப்பனோ. கையில் பிளாஸ்டிக் கோவைக்குள் நியமனக் கடிதத்தின் பிரதி, திருமணச் சான்றிதழ், மருத்துவ அறிக்கை, வலயக் கல்வி அலுவலகத்திலிருந்து வந்த பதில். அந்தப் பதிலில் எப்போதும் ஒரே வாசகம்: பதிலாள் கிடைத்ததும் விடுவிக்கலாம். பதிலாள் எப்போது கிடைப்பார் என்று எந்தக் கடிதமும் சொல்லாது. வந்தவர்கள் எல்லோரும் இவரை “சேர்” என்றுதான் அழைப்பார்கள், நம் வலியைத் தெரிந்த மனிதர் என்ற நம்பிக்கையோடு. அந்த நம்பிக்கை நியாயமானதும்கூட.

சட்டத்தில் என்ன இருக்கிறது? மாகாண அரச சேவையில் நியமனம், இடமாற்றம், ஒழுக்காற்று, பதவி நீக்கம் எல்லாம் ஆளுநரிடம். மாகாண சபைகள் சட்டம் அப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது. ஆளுநர் அதை மாகாண பொதுச் சேவை ஆணைக்குழுவிடம் ஒப்படைக்கிறார், ஆணைக்குழு அதிகாரிகளிடம் பகிர்கிறது. உறுப்பினருக்கோ அமைச்சருக்கோ அந்தச் சங்கிலியில் ஒரு கண்ணியும் இல்லை. தேசிய பாடசாலை ஆசிரியர் என்றால் அது மத்திய கல்வி அமைச்சின் பக்கம், மாகாணத்துக்குச் சம்பந்தமே இல்லை. சட்டம் அப்படி இருக்க, நடைமுறை என்று ஒன்று இருக்கிறது: தொலைபேசி. உறுப்பினர் வலயத்துக்கு அழைப்பார், வலயம் தயங்கும், பிறகு “தற்காலிக இணைப்பு” என்று ஒரு வழி பிறக்கும். ஒரு பாடசாலையில் வெற்றிடம் விழும். ஆறு மாதம் கழித்து இதே உறுப்பினர் அந்த வெற்றிடத்தைப் பற்றிச் சபையில் கேள்வி கேட்பார். கொப்பியில் மூன்று நிரல் போட்டவர் இந்த வேலையைச் செய்ய மறுத்தார். அதற்காகவே ஊரில் “சேர் ஒன்றுக்கும் உதவாதவர்” என்று பெயர் வாங்கினார். உங்கள் அப்பா எந்தப் பக்கம் நிற்பார் என்று உங்களுக்குத்தான் தெரியும்.

பாடத்திட்டத்தை மாற்றலாம், பரீட்சையைச் சீர்ப்படுத்தலாம் என்ற கனவோடு போகிறார் என்றால் இப்போதே சொல்லிவிடுங்கள். பாடத்திட்டம் மகரகமையில் தேசிய கல்வி நிறுவகத்திடம், பரீட்சை பத்தரமுல்லையில் பரீட்சைத் திணைக்களத்திடம், பாடநூல் கல்வி வெளியீட்டுத் திணைக்களத்திடம். மாகாணத்துக்கு வருவது கட்டடம், தளபாடம், ஆசிரியர் பகிர்வு, மேற்பார்வை. பணமும் மேலிருந்துதான். நிதி ஆணைக்குழு பரிந்துரைத்து மத்திய அரசு ஒதுக்குகிறது. மேல் மாகாணம் ஒன்றுதான் சொந்த வருமானத்தால் ஓரளவு நிமிர்ந்து நின்றது. 2011 இலிருந்து வியாபாரங்களின் விற்றுமுதல் மீதான புரள்வு வரி மாகாணங்களிடமிருந்து போனபோது அந்த நிமிர்வும் குறைந்தது. சபை தன் மாகாணத்துக்கென ஒரு சட்டம் (நியதிச்சட்டம் என்பார்கள்) நிறைவேற்றினாலும் ஆளுநர் சம்மதிக்க வேண்டும், அவர் ஜனாதிபதியின் ஆள். இதிலே ஒரு வேடிக்கை: மாகாணத்துக்கு அதிகாரம் போதாது என்று காலையில் பேசுகிற உறுப்பினர், மாலையில் தன் ஊர்ப் பாடசாலையைத் தேசிய பாடசாலையாக்கித் தரும்படி கொழும்புக்கு மனுக் கொடுப்பார். பெற்றோர் கேட்பதும் அதைத்தான். அப்படித் தரமுயர்ந்த ஒவ்வொரு பாடசாலையும் மாகாணத்தின் கையிலிருந்து போன பாடசாலை.

பெயர் தெரிந்த சிலரின் பாதையைப் பார்ப்போம். வடக்கில் 2013 செப்டெம்பரில் நடந்த முதல் தேர்தலில் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு 38 இல் 30 இடங்களை வென்றது. முதலமைச்சர் ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதியரசர் விக்னேஸ்வரன். கல்வி அமைச்சராக வந்தவர் த. குருகுலராஜா. கிளிநொச்சியில் கல்விப் பணிப்பாளராக இருந்து ஓய்வுபெற்றவர், துறையை அடியிலிருந்து அறிந்தவர். விவசாய அமைச்சர் பொ. ஐங்கரநேசனும் ஆசிரியராகவும் சுற்றுச்சூழல் எழுத்தாளராகவும் அறியப்பட்டவர். 2017 இல், முதலமைச்சர் நியமித்த விசாரணைக் குழுவின் அறிக்கைக்குப் பிறகு இருவரும் பதவி விலகினார்கள். அதே நாட்களில் முதலமைச்சர் மீதே நம்பிக்கையில்லாப் பிரேரணை வந்து சபை இரண்டு பட்டது. அந்த அறிக்கையின் நியாய அநியாயத்துக்குள் நான் போகவில்லை. கவனிக்க வேண்டியது வேறு. அமைச்சர் வாரியத்தில் முதலமைச்சரைத் தவிர நான்கு பேருக்கு மேல் இருக்க முடியாது என்று அரசியலமைப்பு சொல்கிறது. முப்பது பேர் கொண்ட ஆளும் தரப்பில் நான்கு நாற்காலி என்றால், அதில் உட்கார்ந்தவரைப் பார்க்கும் கண்கள் இருபத்தைந்து. பள்ளிக்கூடத்தில் பதவி உயர்வுப் போட்டியைப் பார்த்தவருக்கும் இந்தச் சூடு புதிது.

கிழக்கில் சி. தண்டாயுதபாணி. அவரும் கல்விப் பணிப்பாளராக ஓய்வுபெற்றவர். 2012 தேர்தலுக்குப் பிறகு எதிர்க்கட்சித் தலைவர், 2015 இல் ஆட்சி மாறியபோது கல்வி அமைச்சர், 2017 இல் சபையின் ஆயுள் முடிந்தது. எதிர்க்கட்சியில் ஏறத்தாழ இரண்டரை வருடம், அமைச்சில் ஏறத்தாழ இரண்டரை வருடம். ஆசிரியர் ஒருவருக்கு மாகாண அரசியலில் கிடைக்கக்கூடிய நல்ல வாழ்க்கை என்று இதைச் சொல்லலாம், அதுவே இவ்வளவுதான். பிறகு ஏறுவதற்குப் படி இல்லாமற் போனது.

இவர்கள் ஓய்வுக்குப் பிறகு வந்ததற்குச் சட்டக் காரணமும் உண்டு. அரச ஊழியர்களுக்கான விதிகளடங்கிய தாபனக் கோவையின் 32 ஆம் அத்தியாயம் அரச உத்தியோகத்தர்களை அரசியல் உரிமை உள்ளவர், இல்லாதவர் என்று பிரிக்கிறது. கல்விப் பணிப்பாளர் போன்ற பதவிநிலை உத்தியோகத்தர்களுக்கு அந்த உரிமை இல்லை. பதவி விலகாமல் வேட்புமனுவில் கையெழுத்திட முடியாது. சாதாரண ஆசிரியருக்கு உரிமை உண்டு. இளமையிலேயே வந்தவர்கள் பலர் நேராக நாடாளுமன்றத்தைப் பார்த்தார்கள். கிளிநொச்சியில் அதிபராக இருந்த சி. சிறீதரன் 2010 இல் அப்படித்தான் போனார்.

மேல் மாகாண சபையின் கதை சற்று வேறு. இங்கே சபை ஓர் ஏணி. சந்திரிகா 1993 இல் மேல் மாகாண முதலமைச்சர், 1994 முடிவதற்குள் பிரதமராகி ஜனாதிபதியும் ஆகிவிட்டார். மனோ கணேசன் 1999 இல் மேல் மாகாண சபைக்குப் போய் 2001 இல் நாடாளுமன்றத்துக்கு ஏறினார். 104 பேர் கொண்ட சபையில் தமிழ் உறுப்பினர்கள் விரல் விட்டு எண்ணக்கூடியவர்கள், பேச்சும் கோப்பும் பெரும்பாலும் சிங்களத்தில். உரைபெயர்ப்பு இருக்கும்தான், ஆனால் கோப்பை விரட்டுவது சபைக்குள் இல்லை, அலுவலக மேசைக்கு மேசை. அப்பாவின் சிங்களம் பஸ் நடத்துனரோடு பேசும் அளவில் இருந்தால் அது போதாது. பிரதான எழுதுவினைஞரோடு அரை மணி நேரம் வாதாடும் அளவில் இருக்க வேண்டும்.

இன்னொரு வழி இருக்கிறது, கட்சிக்காரர் அதைச் சொல்லியிருக்க மாட்டார்: தொழிற்சங்கம். 2021 ஜூலையில் சம்பள முரண்பாட்டுக்காக ஆசிரியர்கள் இணையவழிக் கற்பித்தலை நிறுத்தியது நூறு நாட்களைத் தாண்டிப் போனது. 2022 ஜனவரியில் முரண்பாட்டின் ஒரு பகுதி சம்பளத்தில் சேர்ந்தது. அந்தப் போராட்டத்தில் முகம் தெரிந்தவர்களில் ஒருவரான மஹிந்த ஜயசிங்க இன்று நாடாளுமன்றத்தில் பிரதி அமைச்சர். 2024 நவம்பரில் 225 இல் 159 இடங்களை வென்ற தேசிய மக்கள் சக்தியின் ஆசனங்களில் ஆசிரியர்கள் குறைவில்லை, பிரதமர் பல்கலைக்கழக விரிவுரையாளராக இருந்தவர். பட்டியலை நிரப்ப வந்த ஆசிரியருக்கும், சங்கத்தின் முதுகெலும்போடு வந்த ஆசிரியருக்கும் கட்சிக்குள் கிடைக்கும் மரியாதை ஒன்றல்ல. பட்டியலை நிரப்ப வந்தவரை தேர்தல் முடிந்ததும் மறந்துவிடுவார்கள்.

வீட்டுக் கணக்கையும் பாருங்கள். கொழும்பில் கணித ஆசிரியர் என்றால் பின்னேர வகுப்புகள் இருக்கும் என்று ஊகிக்கிறேன். பெரும்பாலான வீடுகளில் சம்பளத்தைவிட அதுதான் அடுப்பெரிக்கிறது. ஒரு கட்சிக் கொடிக்குக் கீழே படம் வந்த மறுநாள், மற்றக் கட்சிக்கார அப்பாக்கள் பிள்ளைகளை வேறு ரியூட்டரிக்கு மாற்றுவார்கள். எல்லோரும் அல்ல, ஆனால் போதுமான அளவு. தோற்றால் அவர்கள் திரும்பி வரமாட்டார்கள்.

தோற்றால் பாடசாலைக்குத் திரும்ப முடியுமா? அரசியல் உரிமை உள்ள உத்தியோகத்தர் வேட்புமனு நாளிலிருந்து தேர்தல் முடியும் வரை சம்பளமற்ற விடுமுறையில் இருப்பார், முடிந்ததும் கடமைக்குத் திரும்பலாம். ஆக, ஓய்வு பெறவே தேவையில்லை. பொறி வேறு இடத்தில் இருக்கிறது. 2023 ஜனவரியில் உள்ளூராட்சித் தேர்தலுக்கு வேட்புமனு கொடுத்த அரச ஊழியர்கள் ஆயிரக்கணக்கில் சம்பளமற்ற விடுமுறையில் போனார்கள். மார்ச் 9 தேர்தல் ஏப்ரல் 25 ஆகி, பிறகு திகதியே இல்லாமற் போனது. தேர்தலும் இல்லை, சம்பளமும் இல்லை, மாதக் கணக்கில். கடைசியில் போட்டியிட்ட பிரதேசத்துக்கு வெளியே வேலைக்குத் திரும்ப அனுமதித்தார்கள்; அந்த வேட்புமனுக்களே 2025 இல் சட்டத்தால் செல்லாதவை ஆயின. அவர்களில் ஆசிரியர்களும் இருந்தார்கள், வங்கிக் கடன் தவணை யாருக்காகவும் நிற்கவில்லை. அப்பா வேட்புமனுவில் கையெழுத்திடுவதற்கு முன் குறைந்தது அரை வருடச் சம்பளம் கையில் இருக்க வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

கட்சிக்காரர் மறுபடி வந்தால் அப்பா இரண்டு விஷயம் கேட்கட்டும். விருப்பு வாக்குக்கான செலவு யாருடையது, அதை எழுத்தில் தருவீர்களா என்பது ஒன்று. அவருடைய பகுதியில் அதே பட்டியலில் இன்னும் யார் யார் நிற்கிறார்கள் என்பது இன்னொன்று, ஏனென்றால் விருப்பு வாக்கில் எதிரி எதிர்க்கட்சிக்காரர் அல்ல, பக்கத்துப் பெயர்தான். செலவைப் பற்றிக் கேட்கச் சொல்வதற்கு இன்னுமொரு காரணம் இருக்கிறது. 2023 இன் 3 ஆம் இலக்கத் தேர்தல் செலவின ஒழுங்குபடுத்தல் சட்டத்தின்படி முடிவு வெளியாகி 21 நாட்களுக்குள் ஒவ்வொரு வேட்பாளரும் வரவு செலவுக் கணக்குக் கொடுக்க வேண்டும், தோற்றவரும்தான். பற்றுச்சீட்டுகளை இன்றைக்கே ஒரு கோவையில் போட்டு வைக்கத் தொடங்கச் சொல்லுங்கள்.